சுண்ணாம்பும் மூன்று கேன் தண்ணீரும்

காலை ஏழு மணி இருபது நிமிடம். நீலத் தார்ப்பாயின் ஓரத்திலிருந்து நூல் போல வெள்ளையாக ஒன்று மேலே எழுந்தது. பீடிப் புகை என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் வெற்றிலை போடுகிறவர், பீடி தொடாதவர். எங்கே எது நடந்தாலும் உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பது பத்திரிகை வேலையில் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். வேலையை விட்ட பிறகும் அது என்னை விடவில்லை.

படகு பழவேற்காடு ஏரியின் நடுவில் இருந்தது. படகுத்துறையின் சத்தம் கேட்காத தூரம் வந்திருந்தோம். போகவேண்டிய தீவுக் கிராமம் எதிரே ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது. கோடைக்காலம் ஆதலால் ஏரி வற்றி, இடுப்பளவுக்கு மேல் எங்கும் ஆழமில்லை. அடியில் முழுக்கச் சேறும், காலை அறுக்கும் கிளிஞ்சலும்.

படகில் ஐந்து பேர். இன்ஜினைப் பிடித்திருந்தவர் என் மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன். படகு அவருடையது. அவருக்கு அருகில் அவர் மனைவி. நடுவில், குறுக்காகப் போட்ட பலகைகளின் மேல் நானும் என் மனைவியும். அவள் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிறந்தது அந்தத் தீவில். முன்பக்கம், தார்ப்பாயை ஒட்டி, தீவின் மாதா கோயில் கமிட்டியில் இருக்கும் ஒரு பெரியவர். திருவிழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சமையல் பாத்திரங்கள், மூன்று கேன் குடிதண்ணீர், மசாலா, எண்ணெய், எல்லாம் எங்களோடு வந்துகொண்டிருந்தன. தீவின் போர்வெல் தண்ணீர் உப்பு.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது ஆறு மூட்டை சுட்ட சுண்ணாம்பு.

அந்தக் கோயிலுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் அடிப்பார்கள். ஒரு வருடம் பெயிண்ட் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். உப்புக்காற்றில் அடுத்த மழைக்குள் அப்பளம் அப்பளமாக உரிந்து விழுந்ததாம். காளவாயில் சுட்ட கிளிஞ்சலைத் தண்ணீர் படாமல் அப்படியே படகில் கொண்டுபோவார்கள். கோயிலுக்கு முன்னால் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி, ஊரே சுற்றி நிற்கத் தண்ணீர் விட்டுத் தாளிப்பார்கள், அதாவது நீறவைப்பார்கள். குழி கொதித்து அடங்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். கரையிலேயே தாளித்து எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று துறையில் நான் கேட்டேன்.

"தண்ணியிலயே போறோம். தண்ணிய எதுக்குத் தம்பி மூட்டை கட்டிக்கினு போவணும்?" என்றார் கமிட்டிக்காரர்.

அதில் தவறில்லை. தாளித்த சுண்ணாம்பில் பெரும்பகுதி எடை தண்ணீர்தான்.

துறையில் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, என் மனைவி கரண்டியால் நான்கைந்து கட்டிகளை எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடினாள். அவளிடம் ஏற்கெனவே இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் ஏரித் தண்ணீரில் உயிருள்ள மட்டி. இன்னொன்றில் சேற்றுக்கு அடியிலிருந்து தோண்டிய பழைய கிளிஞ்சல். தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணத்தை எடுத்து மட்டி தனக்கு ஓடு கட்டிக்கொள்கிறது. அது செத்த பிறகு ஓடு சேற்றில் புதைகிறது. இந்த இடமெல்லாம் கடலாக இருந்த காலத்து ஓடுகள் ஏரிக்கு அடியில் படிவு படிவாகக் கிடக்கின்றன. அவற்றைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதைத் தண்ணீரில் தாளித்துச் சுவரில் அடித்தால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓட்டைப் போலவே இறுகும். மூன்று பாடத்தை ஒரே மேசையில் வைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

"அப்போ நம்ம கோயில் செவுரே ஒரு மட்டினு சொல்லு" என்றார் மைத்துனர், இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தி.

"ஆமாண்ணா. அதே சரக்குதான்."

"உள்ள குந்தினு ஜெபம் பண்ற நாங்க?"

"நீ மட்டினு எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்றார் அவர் மனைவி. "உன் தங்கச்சிதான் இப்போ பரீட்சை வெச்சுக் கண்டுபுடிக்கிறா."

இந்தப் பேச்சு முடிந்து சிறிது நேரத்தில்தான் அந்த வெள்ளை நூல் எழுந்தது.

ஃபைபர் படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மூட்டை ஏற்றினால் கீழே பலகை போட்டு அதன்மேல் அடுக்குவது வழக்கம். அன்று அந்தப் பலகைகளை உருவி எங்களுக்கு இருக்கையாகப் போட்டிருந்தார் மைத்துனர். நான் வேண்டாம் என்றேன். "மாப்ள வெள்ள வேட்டியோட வந்துகீறாரு. ஈரத்துல குந்த வெச்சா நைனா என்னைத் தோல உரிச்சுடுவாரு" என்றார். நைனா என்றது தீவில் இருக்கும் என் மாமனாரை. மூட்டைகளைப் படகின் அடித்தளத்தில் இறக்கி, அலை தெறிக்காமல் இருக்க மேலே தார்ப்பாயை மடித்துப் போட்டு, ஓரங்களில் வலைக்குண்டுகளை வைத்து அழுத்தினார். ஏரியில் சாமான் நனைவது மேலேயிருந்துதான். மேலே அவர் நன்றாகவே மூடியிருந்தார்.

"இன்னாது, தார்ப்பாய் பொகையுது?"

அவரும் பார்த்துவிட்டார். இன்ஜினை நிறுத்திவிட்டு எங்களைத் தாண்டி முன்னால் போனார். போகிற போக்கில் தண்ணீர் இறைக்கிற டப்பாவை எடுத்துக்கொண்டார். பழைய ஆயில் கேனைப் பாதியாக வெட்டிச் செய்தது. தார்ப்பாயை உயர்த்தினார். ஓரத்து மூட்டையின் அடிமூலை பழுப்பேறி, பிளாஸ்டிக் சாக்கு சுருங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கடலை வறுக்கிற சத்தம் போல வந்தது.

இன்ஜின் சூடானால் அந்தக் கை ஏரியில் முங்கி எழும். வெயிலில் படகின் விளிம்பு காய்ந்தால், அடுப்புக் கட்டை விழுந்தால், வலை மேல் பீடி நெருப்பு விழுந்தால், எல்லாவற்றுக்கும் அதே கை, அதே டப்பா. குனிந்தார். மொண்டார்.

"ஊத்தாதண்ணா!" என்று என் மனைவி கத்தினாள்.

தண்ணீர் டப்பாவை விட்டுப் போயிருந்தது.

பெரிய வெடிச்சத்தம் ஒன்றும் இல்லை. சோற்றுப் பானை மூடியைத் தள்ளுகிற மாதிரி ஒரு சத்தம். ஆவி ஆள் உயரத்துக்கு எழுந்தது. அதோடு வெள்ளைக் குழம்பும் கட்டியும் தெறித்தன. மைத்துனர் பின்பக்கமாக விழுந்தார். இரண்டு கையும் முகத்தில் இருந்தன. முதலில் அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. பிறகு வந்தது.

"கண்ணு! கண்ணு போச்சு! அய்யோ, கண்ணு!"

"ஏங்க, கையப் புடிங்க. தேய்க்க வுடாதீங்க" என்றாள் மனைவி. வீட்டில் அவள் பேசுகிற தமிழ், வகுப்பில் பேசுகிற தமிழ் என்று இரண்டு உண்டு. அன்று காலை மிச்ச நேரமெல்லாம் வீட்டுத் தமிழ்தான்.

நான் அவர் மணிக்கட்டுகளைப் பிடித்தேன். வலை இழுத்த கைகள். என் உடம்பு முழுவதையும் சாய்த்துத்தான் அடக்க முடிந்தது. வலது கண்ணை அவர் நேரத்தில் மூடியிருக்க வேண்டும். அதைச் சுற்றி வெறும் தூள்தான். இடது இமைகளுக்கு நடுவில் தயிர் போல வெள்ளை. மனைவி புடவையின் காய்ந்த பகுதியால் அவர் புருவத்திலும் கன்னத்திலும் இருந்த தூளை வெளிப்பக்கமாகத் தட்டிவிட்டாள்.

"அண்ணி, தண்ணி கேன எடுங்க. ஏரித் தண்ணி ஆவாது, சேறு."

மைத்துனர் மனைவி கேனை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை.

"இன்னாத்துக்கு?"

"கண்ணுல ஊத்தணும்."

"இப்பத்தான தண்ணி ஊத்தாதனு கத்துன?"

"அண்ணி, குடுங்க."

"ஒரு டப்பா ஊத்துனதுக்கே அங்க அப்பிடி வெடிச்சுது. அந்தத் தண்ணிய அவர் கண்ணுல ஊத்தச் சொல்ற. வெந்துபூடாது?" கேனை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீ படிச்சவ. உனக்கே ரெண்டு நிமிசத்துக்கு ஒரு பேச்சா?"

"எண்ண வுடும்மா" என்றார் கமிட்டிக்காரர் முன்பக்கத்திலிருந்து. "வெத்தலைக்கு சுண்ணாம்பு ஜாஸ்தியாகி நாக்கு வெந்தா தேங்கா எண்ணதான் தடவுவோம். நாப்பது வருசமா போடறேன். சுண்ணாம்புக்கு எண்ணதான்."

திருவிழாச் சாமானில் எண்ணெய் இருந்தது. மைத்துனர் மனைவி அதைக் கண்களால் தேடினார்.

என் மனைவி மூட்டையைப் பார்த்தாள், பிறகு அண்ணன் கண்ணைப் பார்த்தாள். அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்க எனக்குக் கை ஒழியவில்லை. வருடா வருடம் அவள் நடத்துகிற பாடம் அது. சோதனைக் குழாயில் கடலை அளவு சுண்ணாம்பு. மேலே சில துளிகள் தண்ணீர். வெளியே தொட்டுப் பார்த்து "டீச்சர், சுடுது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். கரும்பலகையில் வெப்ப உமிழ் வினை என்று எழுதுவாள். அந்தப் பாடத்தில் கண் வராது.

"அண்ணி, அது ஒரு மூட்டை" என்றாள். குரல் தணிந்திருந்தது. "ஒரு மூட்டைக்கு ஒரு டப்பா தண்ணி ஊத்துனா சூடு போறதுக்கு வழி கெடையாது, வெடிக்கும். இது ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகைக்கு ஒரு கேன் ஊத்துனா சூடு எங்க நிக்கும்? சுண்ணாம்பையும் அடிச்சுக்கினு பூடும். அவர் கண்ணுல ஏற்கெனவே கண்ணீர் கீது. அந்தக் கொஞ்சம் தண்ணிதான் இப்போ அவரை வேக வெக்குது. கொஞ்சம்தான் ஆவாது. நெறைய வோணும்."

"நீ சொல்றது தப்பாப் போச்சுனா?"

"எண்ண வுட்டா அது அடியிலயே ஒட்டிக்கினு தின்னும்."

"தப்பாப் போச்சுனா இன்னா பண்றதுனு கேட்டேன்."

"எங்கண்ணன் கண்ணு போவும்" என்றாள்.

கீழே இருந்தவர்தான் அதை முடித்துவைத்தார். "எதுனா ஒன்ன ஊத்துங்கடி! அடுப்புல கண்ண வெச்ச மாதிரி கீது. ரெண்டு பேரும் அப்பால சண்ட போட்டுக்கலாம்!"

கேன் கை மாறியது.

மனைவி அவர் தலையை இடது பக்கமாகச் சாய்த்து, மூக்கின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை விட்டாள். முதல் தண்ணீர் பட்டதும் மைத்துனர் என்னைத் தூக்கி எறிவது போலத் துள்ளினார். அவர் மனைவி கால்களின் மேல் உட்கார்ந்துவிட்டார். இமைகள் இறுக மூடிக்கொண்டன. நான் ஒரு முழங்காலால் அவர் கையை அழுத்திக்கொண்டு, இரண்டு விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்தேன். பாலாக வழிந்தது.

"தெறந்து புடிங்க. இன்னும். மூட வுடாதீங்க."

அப்போது என் முதுகுப் பக்கம் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் வந்தது.

"ஒராளு இங்க வாங்கப்பா" என்று கமிட்டிக்காரர் கத்தினார். "படகு வேவுது!"

நனைந்த மூட்டையின் பக்கம் உப்பிப் பிளந்திருந்தது. அதன் கீழே ஃபைபர் பழுப்பாகிக் குமிழ்விட்டது. மூட்டைக்கு ஒரு கை தூரத்தில் டீசல் கேன். பெரியவர் அதை மட்டும் முதலில் எடுத்து இன்ஜின் பக்கம் தள்ளியிருந்தார். நான் இமைகளை மைத்துனர் மனைவியின் விரல்களுக்கு மாற்றிவிட்டு எழுந்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைகளில் ஒன்றை மூட்டைக்கு அடியில் செருகி, இருவரும் சேர்ந்து நெம்பினோம். கையால் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இரண்டடி தூரத்திலேயே முகம் காந்தியது. காலைக்காற்று மேற்கே தரைப் பக்கமிருந்து அடித்ததால் மூட்டையைக் கிழக்குப் பக்கமாகத் தள்ளினோம். பாதி படகிலும் பாதி வெளியிலுமாக ஒரு கணம் நின்று, பிறகு விழுந்தது. ஏரி சீறியது. தண்ணீர் ஒரு அறை அளவுக்கு வெள்ளையாகி, நடுவில் கொதித்தது. காற்று எங்கள் படகையும் அதன் பக்கமே தள்ளியது. பெரியவர் கழியை ஊன்றி விலக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளையின் ஓரத்தில் சிறு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

படகின் அடியில் சிந்திக் கிடந்த சுண்ணாம்பு இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர் டப்பாவை எடுத்தார். மொள்ளாமல் நின்றார்.

"டீச்சர், இதுக்குத் தண்ணி ஊத்தலாமா, ஊத்தக்கூடாதா?"

"நெறைய ஊத்துங்க சித்தப்பா. தூரமா நின்னு, வுடாம ஊத்துங்க."

மிச்ச ஐந்து மூட்டையையும் நாங்கள் பலகைகளின் மேல் ஏற்றினோம். பெரியவர் டப்பா டப்பாவாக ஊற்றி, வாரி வெளியே இறைத்தார்.

"அய்யோ, ரத்தம்!"

மைத்துனர் மனைவியின் குரல். திரும்பிப் பார்த்தேன். கணவரின் கன்னத்தைத் துடைத்த அவர் முந்தானை இரத்தச் சிவப்பாக இருந்தது. உள்ளங்கை அளவு. அவர் இமைகளை விட்டுவிட்டார். மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணு கிழிஞ்சுபோச்சா? சொல்லுடி, கிழிஞ்சுபோச்சா?"

மனைவி கேனைக் கீழே வைக்காமலே முந்தானையைப் பற்றிப் பார்த்தாள். அன்று விடியற்காலையில் மைத்துனர் மனைவி மீன் கழுவி மஞ்சள் தடவிவிட்டு வந்திருந்தார். கையைத் துடைத்தது அந்த முந்தானையில். சிவப்புக்கு வெளியே சுற்றிலும் மஞ்சளாகவே இருந்தது.

"ரத்தமில்ல அண்ணி. மஞ்சள்."

"மஞ்ச இன்னாத்துக்குடி செவக்குது?"

"என் கல்யாணத்துக்கு ஆரத்தி கரைச்சது யாரு?"

"நாந்தான்."

"எதுல கரைச்சீங்க?"

மைத்துனர் மனைவி முந்தானையைப் பார்த்தார். "மஞ்சளும் சுண்ணாம்பும்" என்றார். மறுபடி இமைகளைப் பிரித்துப் பிடித்தார்.

அதற்குப் பிறகு முந்தானைதான் எங்களுக்கு வழி சொன்னது. மனைவி ஒரு கை நிறுத்துவாள், கண்ணின் ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் முந்தானையின் மஞ்சளான ஓர் இடத்தை ஒற்றுவாள், மூவரும் பார்ப்போம். சிவக்கும். ஊற்றுவாள். முதல் கேன் காலியானபோது ஒற்றிய இடம் முதலில் பார்த்ததைப் போலவே அடர்சிவப்பாக இருந்தது.

"குறையலயே" என்றார் மைத்துனர் மனைவி.

"உள்ள எங்கயோ கட்டி கீது."

மேல் இமையின் மயிரைப் பிடித்து இழுத்து, ஒரு தீக்குச்சியை மேலே வைத்து இமையைப் புரட்டினாள். இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை புரண்டது. சிவந்த சதையில் ஒட்டிக்கொண்டு, அரைத்த தேங்காய்த் துணுக்கு போல ஒன்று. நனைத்த துணி நுனியால் அதைத் தொட்டு எடுத்தாள். எடுக்கும்போது மைத்துனர் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்; உதட்டில் வந்தது மட்டும் நிஜ இரத்தம்.

இரண்டாவது கேனைத் திறந்தபோது கமிட்டிக்காரர் இன்ஜின் பக்கம் போயிருந்தார்.

"எங்க வுடறது? ஊருக்கா, கரைக்கா?"

"கரைக்கு" என்றார்கள் இரண்டு பெண்களும்.

படகைத் திருப்பினார். ஓடுகிற படகில் தண்ணீர் சரியாக விழவில்லை. நான் கேனின் அடியைத் தாங்கிக்கொண்டேன். கைபேசியில் சிக்னல் வந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். மறுமுனையில் பேசிய பெண் கேட்ட முதல் கேள்வி, கழுவினீர்களா என்பது. கழுவிக்கொண்டிருக்கிறோம் என்றேன். நிறுத்தாதீர்கள் என்றார். அதை உரக்கத் திருப்பிச் சொன்னேன். மைத்துனர் மனைவி என்னைப் பார்த்தார், பிறகு நாத்தனாரைப் பார்த்தார், இமைகளை இன்னும் அகலமாகப் பிரித்துப் பிடித்தார்.

இரண்டாவது கேனின் முடிவில் முந்தானை இளஞ்சிவப்பாக வந்தது.

"ஒரு கேனாவது வைம்மா" என்றார் கமிட்டிக்காரர். "சமையலுக்கு ஆளு வந்து குந்தினுகீது. ஊர்ல குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணி இல்ல."

"ஊரு ஏரித் தண்ணியக் குடிக்கட்டும், மாமா" என்றார் மைத்துனர் மனைவி. மூன்றாவது கேனின் மூடியை அவரே பல்லால் கடித்துத் திறந்தார்.

"இன்னாடி பண்றீங்க, குளிப்பாட்டறீங்களா?" என்றார் மைத்துனர். சுண்ணாம்பு தெறித்த பிறகு அவர் பேசிய முதல் நிதானமான பேச்சு அது. "குளிர்ல நடுங்குது. வுடுங்க."

"கம்முனு இரு."

"எரிச்சல் கொறஞ்சிடுச்சு."

"உன்ன யாரு கேட்டா? முந்தானை சொல்லட்டும்."

துறையின் படகுகள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கிய இடத்தில் மனைவி மறுபடி ஒற்றினாள். காத்திருந்தோம். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"வேற எடத்துல வெச்சுப் பாரு. அங்க மஞ்ச கம்மி" என்றார் மைத்துனர் மனைவி.

வேறு இடத்தில் ஒற்றினாள். மஞ்சள். சுண்ணாம்பு உள்ளே போகாத வலது கண்ணின் ஓரத்தில் வைத்தும் பார்த்தாள். அதே மஞ்சள். இருந்தாலும் படகு கரையில் முட்டும்வரை கேனைச் சாய்த்தே பிடித்திருந்தாள். கரையேறியபோதுதான் அவளுடைய வலது கை விரல்கள் மடங்காமல் இருப்பதைப் பார்த்தேன்.

இடது கண்ணால் அப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. என் கையை முகத்துக்கு முன்னால் அசைத்தேன். "ஏதோ போவுது" என்றார்.

பொன்னேரியில் சொட்டு மருந்து விட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் கண் மருத்துவர் இளவயதுப் பெண். வேறெதையும் கேட்பதற்கு முன், மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைக் கீழ் இமைக்குள் வைத்து எடுத்து, வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மஞ்சளா, செவப்பா டாக்டர்?" என்று கேட்டார் மைத்துனர் மனைவி.

மருத்துவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். காகிதம் பச்சை கலந்த நிறத்தில் இருந்தது. "இது வேற காகிதம்மா. இதுல இந்தக் கலர்தான் சரியான கலர்" என்றார். எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டார். மூன்று கேன் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பிறகு தொடர்ந்து எழுதினார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, கருவிழி ஆறுகிற விதத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கண்ணைத் தேய்க்கக்கூடாது, வெயிலில் போகக்கூடாது, ஏரிப் பக்கமே போகக்கூடாது.

வாரக்கணக்கில் மைத்துனர் எங்கள் வீட்டில் இருந்தார். ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தோம். காலையில் எழுந்ததும் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். முதலில் காலண்டர் தெரிந்தது. பிறகு அதில் மாதாவின் படம் இருப்பது தெரிந்தது. எழுத்து நெடுநாள் தெரியவில்லை. "நல்லா தெரியுது" என்று அவர் சொல்லும்போது அவர் மனைவி காலண்டரில் இல்லாத தேதியைச் சொல்லிக் காட்டச் சொல்வார். அவர் எங்கேயோ விரல் வைத்து மாட்டிக்கொள்வார். "பொய் சொல்ற கண்ணுக்கு மருந்து ஏறாது" என்பார் அவர் மனைவி. என் மனைவி அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் பேனா ஓடாது.

திருவிழா நடந்தது. ஐந்து மூட்டையைத் தாளித்தார்கள். இந்த முறை குழிக்குக் கிட்டே யாரும் போகவில்லை என்றும், கமிட்டிக்காரர் நீண்ட கழியில் வாளியைக் கட்டித் தண்ணீர் விட்டார் என்றும் சொன்னார்கள். கோயிலின் பின்சுவருக்குச் சுண்ணாம்பு போதவில்லை.

மைத்துனர் மழைக்காலத்துக்கு முன்பு படகுக்குத் திரும்பினார். படகின் அடியில் பழுப்பான இடத்தில் புது ஃபைபர் ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் துறையில் அவரோடு நின்றிருந்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டால் அவருக்கு லைட்ஹவுஸ் தெரிகிறது. அதன் உச்சியில் இருக்கும் கைப்பிடிக் கம்பி தெரிவதில்லை.